துரு குடித்த காற்று

பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். மாரி மழை ஓய்ந்து, தைப்பொங்கல் கிட்டிக்கொண்டிருந்த நேரம். உட்துறைமுகத்தின் ஓரத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறு குடாவில்தான் அது நடந்தது. இதை எழுதுவதா விடுவதா என்று நான் யோசித்த நாட்கள் அதிகம். எழுதினால் யாருக்காவது மனம் நோகுமோ என்று ஒரு பயம். எழுதாமல் விட்டால் இன்னொருவன் அப்படியே இறங்கிவிடுவானோ என்று இன்னொரு பயம். நான் அப்படிப்பட்ட ஆள். ஒருவர் பெயரையும் சொல்லாமல் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா இறந்த பிறகு வீட்டில் வேறு வழி இருக்கவில்லை. அக்காவைக் கட்டிய அத்தான் என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வேலைக்குச் சேர்த்தார். துரு தட்டுகிற வேலை. கப்பலோ, எண்ணெய்த் தாங்கியோ, இரும்பால் செய்தது எதுவென்றாலும் சுத்தியலால் துருவைத் தட்டி விழுத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே சிவப்புப் பூச்சு அடித்துக் கொடுக்க வேண்டும். எங்களோடு கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதரும் வேலை செய்தார். அவரை எல்லோரும் காக்கா, அவர்கள் வழக்கத்தில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். தோணி ஓட்டி வளர்ந்தவர். கையில் கயிறு இல்லாமல் அவரைக் காண்பது அரிது.

வருடக்கணக்காகத் துருவோடு இருந்தும் துரு என்றால் என்னவென்று நாங்கள் மூவருமே யோசித்ததில்லை. கடற்காற்று பட்டால் இரும்பின் மேல் உப்புப் படியும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். துருவும் அப்படி வெளியில் இருந்து வந்து படிகிற ஏதோ ஓர் ஊத்தை, கொஞ்சம் பிடிவாதமான ஊத்தை என்பதுதான் எங்கள் எண்ணம். உப்பைத் தண்ணீர் எடுக்கும், துருவைச் சுத்தியல் எடுக்கும். எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் தாங்கிகளுக்குள் இறங்குவதில் ஆபத்து உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். எண்ணெய் ஆவி நின்றால் மயக்கம் வரும், நெருப்புப் பிடிக்கும். அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. மூடியைக் கழற்றியதும் அத்தான் வாயில் இருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, துவாரத்துக்குள் தலையை நீட்டி மணந்து பார்ப்பார். டீசலா, மண்ணெண்ணெயா, உலை எண்ணெயா என்று பிரித்துச் சொல்லுவார். மணம் இருந்தால் இரண்டு நாள் திறந்து போட்டுவிடுவோம். கழுவுவோம். திரும்ப மணப்பார். "மணம் இல்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் எவரும் இறங்குவது. அந்த மூக்கை நம்பி நாங்கள் எத்தனையோ தாங்கிகளுக்குள் போய் உயிரோடு வந்திருக்கிறோம். வேறு கூலி ஆட்களும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மணந்து பார்க்கச் சொல்வதுண்டு.

அந்தக் குடாவில் ஒரு பழைய இரும்புப் பெட்டி கரையேற்றிக் கிடந்தது. பெட்டி என்றால் ஒரு சிறிய வீட்டின் அளவு. நான்கு பக்கமும் மேலும் கீழும் அடைத்த இரும்பு. உள்ளே ஒன்றும் இல்லை, காற்றுத்தான். அதனால் மிதக்கும். கப்பல்காரர் இப்படியானவற்றைக் கடலில் விட்டு, மேலே பலகை அடித்து இறங்குதுறையாகப் பாவித்தார்கள். நாங்கள் அதைக் காத்துப்பெட்டி என்போம். வெள்ளைக்காரன் போன நாளில் இருந்து அது மூடியபடியே கிடந்தது. மூதூர் போகிற லோஞ்சுப் படகுக்கு ஆட்கள் ஏறி இறங்க அதைத் திருத்திப் போடலாம் என்று ஒரு ஒப்பந்தகாரர் வாங்கியிருந்தார். உள்ளே துருத் தட்டிப் பூச்சு அடிக்க வேண்டும் என்று எங்களை அனுப்பினார்.

அன்று காலையில் நான் பட்ட பயங்களை நினைத்தால் இப்போது எனக்கே அழுகை வருகிறது. மேலே ஏறியதும் மூடி காற்றுக்கு விழுந்து எங்களை அடைத்துவிடுமோ என்று அதைக் கம்பியால் கட்ட வேண்டும் என்றேன். உள்ளே பாம்பு இருக்குமோ என்றேன். ஏணிப்படி உக்கி உடையுமோ என்றேன். போர்க் காலத்துச் சாமான், வெடிக்கிற எதையாவது உள்ளே விட்டுவிட்டுப் போயிருப்பார்களோ என்றும் கேட்டேன்.

"இவன்ட தலைக்குள்ள ஒரு மீன்சந்தை இரிக்கி," என்றார் காக்கா. "ஒரு நேரமும் சத்தம் ஓயாது."

"காக்கா, நீங்கள் சிரியுங்கோ. ஒரு நாளைக்கு நான் சொல்லுறது நடக்கும்."

"நீ சொல்லுறதெல்லாம் நடந்தா துறைமுகத்தில ஒரு குருவியும் மிஞ்சாது தம்பி."

மூடியின் ஆணிகள் இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தட்டித்தான் கழற்றினோம். கடைசி ஆணி இளகியபோது சர் என்று ஒரு சத்தம் கேட்டது. அடைத்து வைத்ததைத் திறந்தால் காற்று வெளியேதான் வரும், சோடாப் போத்தலைப் போல. இது வெளியே வரவில்லை. மூடியின் இடுக்கில் வைத்திருந்த என் உள்ளங்கையை உள்ளே இழுத்தது. குழந்தை பால் குடிப்பதைப் போல ஓர் இழுவை. நான் கையை எடுத்துவிட்டேன்.

"அத்தான், இது உள்ளுக்கு இழுக்குது."

"என்ன இழுக்குது?"

"காத்தை. வெளியில இருந்து உள்ளுக்கு."

அவர் கையை வைத்துப் பார்ப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மூடி இலகுவாகத் திறந்தது. அவர் வழமைபோல வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, தலையை நீட்டி மணந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் எடுத்து மணந்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்டுமில்லை. ஈர இரும்பு மணம். கிணத்து வாளியை மணந்த மாதிரி."

"எண்ணெய் ஒரு நாளும் விடாத பெட்டியெல்லோ," என்றார் காக்கா. "காத்துப்பெட்டிக்க காத்தைத் தவிர வேற என்ன இரிக்கப் போகுது?"

அந்தக் கதையில் எனக்கும் நியாயம் தெரிந்தது. எண்ணெய்த் தாங்கியைத்தான் இரண்டு நாள் திறந்து போட வேண்டும். மணமே இல்லாத பெட்டியை எதற்குத் திறந்து போட்டுக் காத்திருப்பது? எண்ணெய்த் துறைமுகம் என்றபடியால் காவல் வாசலிலேயே நெருப்புப் பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள். விளக்கு, மெழுகுதிரி ஒன்றும் கொண்டுபோக ஏலாது. அத்தான் டோர்ச் லைட்டை எடுத்து இடுப்பில் செருகினார். நானும் இறங்க ஆயத்தமானேன். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல.

"மச்சான், நீ இப்ப இறங்காதை. நான் போய்ப் பாத்துச் சொல்லுறன். நீ மேலை நிண்டு பயப்படு. அதுவும் ஒரு வேலைதான்."

காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தான் என் முகம் பார்த்துக் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

ஏணிப்படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. "படி நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "துரு பாளம் பாளமாக் கிடக்கு காக்கா, ஒரு கிழமை..." என்றவர் முடிக்கவில்லை. ஏதோ சாய்ந்து விழுகிற சத்தம். கத்தவில்லை. முனகவும் இல்லை. பேசிக்கொண்டிருந்த ஒருவர் நடுவில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

"வழுக்கிட்டுப் போல," என்றார் காக்கா. துவாரத்துக்குள் பார்த்துக் கூப்பிட்டோம். பதில் இல்லை. டோர்ச் எரிந்துகொண்டு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அத்தானின் கட்டம் போட்ட சட்டையும் ஒரு கையும் தெரிந்தன. தலை அடிபட்டிருக்கும் என்று நினைத்தோம். காக்கா தோணிக்காரன் பழக்கத்தில் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை மேலே இருந்த வளையத்தில் முடிந்துவிட்டு இறங்கினார். அத்தானுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். அவருடைய தோளுக்குக் கீழே கை கொடுத்தார். அப்படியே முழங்கால் மடிந்து அத்தானுக்கு மேல் சரிந்தார். அவரும் ஒரு சத்தமும் போடவில்லை.

எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான்: இரண்டு பேரும் கீழே கிடக்கிறார்கள், நான் மேலே நிற்கிறேன். நான் கத்தினேன். கத்திக்கொண்டே ஒரு காலைத் துவாரத்துக்குள் விட்டேன். என் ஆயுளில் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

பின்னால் இருந்து ஒரு கை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தது.

குடாவின் ஓரத்தில் காலையில் இருந்தே ஒரு மனுசி முழங்கால் தண்ணீரில் நின்று மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தா. வெருகல் பக்கத்து ஆட்கள் சிலர் அந்தக் காலத்தில் வந்து கரையோரம் குடில் போட்டுத் தங்கி மட்டி எடுப்பார்கள். நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்து பெட்டிக்கு மேல் ஏறியிருக்கிறா. ஐம்பது வயது இருக்கும். ஈரச் சேலை. கை இரும்பு மாதிரி.

"விடுங்கோ, என்ர அத்தான் உள்ளுக்க."

"எத்தனை பேர் இறங்கினது?"

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேரும் சத்தமில்லை. நீ போய் மூண்டாவதாக் கிடக்கப் போறியா? உன்னைத் தூக்க என்னால ஏலாது மகன். கயிறு கிடக்கு, இழு."

நான் திமிறினேன். கையால் அடித்தேன் என்றும் நினைக்கிறேன். அவ விடவில்லை. நான் உடுத்திருந்த சாரத்தின் தலைப்பைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் கயிற்றைப் பிடித்தா. இரண்டு பேருமாக இழுத்தோம். காக்கா பாரமான ஆள். துவாரத்தில் தோள் இறுகி, தோல் உரிந்து, எப்படியோ மேலே வந்தார். முகம் நீலமாக இருந்தது. அவ அவரைக் குப்புறப் புரட்டினா, திருப்பினா, நெஞ்சில் குத்தினா, கன்னத்தில் அறைந்தா. கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றில் இருந்து வருவது மாதிரி ஒரு மூச்சு வந்தது.

அத்தானிடம் கயிறு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் சரியாக எழுத ஏலாமல் இருக்கிறது. சத்தம் கேட்டு இறங்குதுறைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் வாளியில் கடல்தண்ணீர் அள்ளித் துவாரத்தால் ஊற்றினான், மயக்கம் தெளியும் என்று. ஒருவன் சாக்கை எடுத்து வீசினான். கொக்கித்தடி ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், எட்டவில்லை. இறங்கப் போனவர்களை அந்த மனுசி ஏசி நிற்பாட்டினா. என் சாரத்தலைப்பு அவவுடைய கையிலேயே இருந்தது. முகத்தில் மாட்டி மூச்சு விடுகிற குழாய் உள்ள ஆட்களைக் கூட்டிவர ஒருவன் சைக்கிளில் போயிருந்தான். நான் துவாரத்தின் விளிம்பில் படுத்திருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் தெரிந்தார். டோர்ச் அவருடைய பக்கத்தில் நன்றாக எரிந்தது. சட்டையின் கட்டங்களை எண்ணலாம் போல அவ்வளவு வெளிச்சம். கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன். குழாய்க்காரர் வந்து அவரைத் தூக்கி எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. வேலைக்கு இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்த மாதிரி இருந்தார்.

லிங்கநகரில் அக்காவின் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை.

ஊர் பல கதை கதைத்தது. பெட்டிக்குள் முனி இருந்தது என்றார்கள். சண்டைக் காலத்து நச்சுப்புகை என்றார்கள். ஒப்பந்தகாரருக்கு வேலை மேற்பார்க்கிற ஓவசியர் வேறு ஒன்றைச் சொன்னார். "இறங்க முதல் கொஞ்சம் சாராயம் பாவிச்சிருப்பார்," என்று. வெற்றிலையைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னபோது அக்கா அழுவதை நிறுத்திவிட்டா. அன்று நிறுத்தியதுதான். பிறகு அவ அழுது நான் காணவில்லை.

மரண விசாரணையில் டொக்டர் குடி இல்லை என்று சொல்லிவிட்டார். மூச்சுக்குக் காற்று இல்லாமல் இறந்தார் என்றார். விளக்கம் சொல்ல ஒரு எஞ்சினியரை அழைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட, மெல்லிய குரல் உள்ள மனிதர். கேட்டவர்களுக்குச் சொன்னதை விட அக்காவைப் பார்த்துத்தான் அதிகம் சொன்னார்.

"அம்மா, அந்தப் பெட்டிக்குள்ள நச்சு ஒண்டும் இருக்கேல்லை. நாங்கள் சுவாசிக்கிற காத்தில உயிர் தாற பங்கு ஒண்டு இருக்கு, பிராணவாயு. அது உள்ளுக்கு இல்லாமப் போயிட்டுது. துரு எடுத்திட்டுது."

அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. "துரு படியிற சாமான்தானே ஐயா," என்றேன். "உப்பு மாதிரி."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "உப்பு படியிறது. கழுவினா உப்பு உப்பாப் போகும், இரும்பு இரும்பா இருக்கும். ரெண்டும் மாறேல்லை. தண்ணி ஐஸ் ஆகிறதும் அப்பிடித்தான், உருகினாத் திரும்பத் தண்ணி. துரு அப்பிடி இல்லை. இரும்பும் பிராணவாயுவும் சேந்து ரெண்டும் இல்லாத வேற ஒரு பொருளா மாறியிருக்கு. விறகு எரிஞ்சு சாம்பல் ஆகிற மாதிரி, ஆனா மெல்ல மெல்ல. நெருப்பு இல்லாத எரிவு எண்டு வையுங்கோவன். அடைச்ச பெட்டி, உள்ளுக்கு ஈரம், இத்தனை வருசம். இருந்த பிராணவாயு எல்லாம் துருவுக்குள்ள போயிட்டுது. மிச்சம் இருந்ததுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை."

மூடி திறந்தபோது என் கையை உள்ளே இழுத்ததைச் சொன்னேன். "ஓம். உள்ளுக்குக் காத்துக் குறைஞ்சபடியால் வெளிக் காத்தை இழுத்திருக்கு. ஆனா அந்தச் சின்ன வாசலால போனது மூச்சுக்குக் காணாது." பிறகு தாழ்ந்த குரலில், "ஒரு மெழுகுதிரியைக் கட்டி இறக்கியிருந்தா அணைஞ்சிருக்கும். டோர்ச் அணையாது. அதுக்குக் காத்துத் தேவையில்லை," என்றார்.

"வாசல்ல நெருப்புப் பெட்டியை வாங்கி வைக்கிறவை ஐயா."

"ஓம்," என்றார். "அதுவும் சரிதான்."

அந்த நேரம் அக்கா வாய் திறந்தா. "அப்ப இரும்பும் மூச்சு விடுமோ ஐயா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு மாதிரிக்கு ஓம் அம்மா. எடுக்கும். திருப்பி விடாது."

மட்டி எடுத்த மனுசியைத் தேடி நான் பிறகு அந்தக் கரைக்குப் போனேன். குடில்கள் இல்லை. காற்று மாறியதும் வெருகல் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள் என்றார்கள். அவவுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நன்றி சொல்லப் போனேனா, ஏன் என்னை விடவில்லை என்று சண்டை பிடிக்கப் போனேனா, அது எனக்கே தெரியாது.

காக்கா தப்பினார். ஆனால் முழுதாகத் தப்பவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. அந்த நாளும் அதற்கு முந்திய பல நாட்களும் அவருடைய தலையில் இருந்து அழிந்துபோயின. சில மாதம் கழித்து அவருடைய தம்பி அவரைக் கிண்ணியாவில் இருந்து கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க தங்கச்சி இவர்? வேலைக்குப் போயிட்டாரா?"

அவருடைய தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம் காக்கா, போயிட்டார்," என்றுவிட்டு அக்கா குசினிக்குள், அடுப்படிக்குப் போனா.

நான் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடம் ஒன்றில் சேர்ந்தேன். ஏன் அங்கே சேர்ந்தேன் என்று கேட்டவர்களுக்கு வீட்டுக்குக் கிட்ட என்றபடியால்தான் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. தண்ணீர் ஐஸ் ஆகிறது, ஐஸ் தண்ணீர் ஆகிறது, எவ்வளவு மாறினாலும் அது தண்ணீர்தான். வேறொன்றாக ஆகிவிடாத பொருளோடு இருக்க விரும்பினேன். அதிலும் நிம்மதி கிடைக்கவில்லை. ஐஸ் அடிக்கிற இயந்திரத்தில் ஓடுகிற வாயு கசிந்தால் ஆளைக் கொல்லும் என்று ஒருவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து குழாய்ப் பொருத்து ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துக்கொண்டு திரிகிறேன். அது மணக்கும் என்பது ஒரு ஆறுதல்.

வீட்டிலும் எனக்கு இதே வருத்தம்தான். எதைப் பார்த்தாலும் இது எந்த மாற்றம் என்று மனம் பிரிக்கத் தொடங்கிவிடும். சீனி கரைவது, தேங்காயெண்ணெய் விடியற்காலையில் உறைவது, துணி காய்வது ஒரு பக்கம். பால் திரைவது, சோறு பழுதாவது, விறகு எரிவது மறுபக்கம். இந்தக் கணக்கை ஏன் செய்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. எந்தப் பக்கத்தில் வைத்தாலும் ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை.

அத்தான் இறந்தபோது அக்காவின் மகளுக்கு நடந்து திரிகிற வயது. தகப்பன் துறைமுகத்தில் விழுந்து இறந்தார் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். பெட்டி, துரு என்ற கதையே வீட்டில் எடுப்பதில்லை. அவள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து விஞ்ஞானப் புத்தகத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குசினியில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தா.

"மெழுகு உருகுதல், பௌதிக மாற்றம். நீர் ஆவியாதல், பௌதிக மாற்றம். கடதாசி எரிதல், இரசாயன மாற்றம். இரும்பு துருப்பிடித்தல், இரசாயன மாற்றம். துருப்பிடிக்கும்போது இரும்பு வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்கிறது."

உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் திரும்பவும் அதே வரியைச் சொன்னாள், மனதில் பதிய வேண்டும் என்று. பிறகு என்னைக் கேட்டாள்.

"மாமா, துருவில இருந்து திரும்ப இரும்பை எடுக்க ஏலாதோ?"

எனக்கு அது தெரியும். எஞ்சினியரை விசாரணைக்குப் பிறகு வெளியில் மறித்து நான் கேட்ட கேள்வி அதுதான். "ஏலும்," என்றேன். "கரியோட பெரிய உலையில போட்டுக் காய்ச்சினா இரும்பு திரும்ப வருமாம்."

"அப்ப மாறினதும் திரும்ப வரும்."

"இரும்பு வரும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். "இது லேசு மாமா. ரெண்டு வரிதான். சோதினைக்கு எப்பவும் வரும்."

குசினி வாசலில் அக்கா நின்றா. கையில் மிளகாய்த் தூள். "வாசிச்சது காணும், எழும்பி வந்து சாப்பிடு," என்றா. அவளுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தா. எங்களுடைய வீட்டில் அதைப் பற்றி நடந்த கதை அவ்வளவுதான். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போனாள்.

நான் அங்கேயே இருந்தேன். இரண்டு வரி. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பாடமாக்கி, சோதனையில் எழுதி, மறந்துவிடுகிற இரண்டு வரி. நான் இன்னும் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் அதுவரை வந்திருப்பேன். வந்திருந்தாலும் பெட்டி என் கையை இழுத்த நேரத்தில் அது ஞாபகம் வந்திருக்குமா என்று கேட்டால், தெரியாது. பயந்த சுபாவம் ஆளைக் காப்பாற்றும் என்று என்னிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்று காலையில் அந்தக் குடாவில் என்னை விடப் பயந்தவன் ஒருவனும் இருக்கவில்லை. பாம்புக்குப் பயந்தேன், மூடிக்குப் பயந்தேன், ஏணிப்படிக்குப் பயந்தேன். காற்றுக்குப் பயப்பட எனக்குத் தெரியவில்லை. இன்றும் நான் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். எதற்குப் பயந்திருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு எப்போதும் பிறகுதான் தெரிய வருகிறது.